ஓசைக்கு அஞ்சும் பிள்ளைக்கு ஓர் அறை



தென்கடலோரப் பேரூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கங்களில் மடல் வரைந்துள்ளார். அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு வயது ஆறு. ஆட்டிசம் என்று மருத்துவர்கள் இரண்டாண்டுகளுக்கு முன்னர் கூறினராம். பேச்சு ஓரிரு சொற்கள்தாம். கணவர் வளைகுடா நாட்டில் இருக்கின்றார். மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் எனப் பதினொருவர் கூடி வாழும் வீடு. மிக்ஸியின் ஓசை எழுந்தால் பிள்ளை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு கட்டிலின் அடியில் புகுந்துவிடுகின்றான். பின்னிரவில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கினாலோ, விழித்தெழுந்து சுவரில் தலையை மோதிக்கொள்கின்றான். அதற்குப் பின் விடியும்வரை உறக்கமில்லை, தாய்க்கும்தான்.

கொல்லைப்புறத்தை அடுத்துள்ள சாமான் அறையை ஒழித்து அவனுக்குத் தரலாமா என்று அவர் மாமியாரிடம் கேட்டிருக்கின்றார். "இவனே நாள் முழுக்கத் தட்டைத் தட்டிக்கிட்டுக் கூப்பாடு போடுறான். இவனுக்கா சத்தம் ஆகாது? நீதான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறே" என்பது கிடைத்த விடை. மடலின் கடைசிப் பக்க ஓரத்தில், மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில், இன்னொன்றும் எழுதியிருக்கின்றார்: பாங்கு ஒலிக்கும்போதும் பிள்ளை காதைப் பொத்துகின்றானாம், பார்ப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பேசுகின்றார்களாம்.

இம்மாதப் பகுதியை முழுமையாக இதற்கே ஒதுக்குகின்றோம். இதே துன்பத்தை வெளியில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் நம் ஊர்களில் பலர் இருக்கின்றனர்.

பாசாங்கு அன்று

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுவோரும் உளர். பிள்ளையின் மதியைப் பற்றித் தவறான எண்ணத்தை விதைக்கும் அச்சொல் நமக்கு உவப்பானதாக இல்லை. எனவே ஆட்டிசம் என்றே எழுதுகின்றோம். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் என்னும் மருத்துவர், பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து இந்நிலையைப் பற்றி எழுதினார். உரத்த ஓசைகளும் அசையும் பொருள்களும் அக்குழந்தைகளை எவ்வளவு அச்சுறுத்தின என்பதை அவர் அன்றே குறித்துள்ளார். தூசி உறிஞ்சும் இயந்திரம், மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி, ஏன், காற்றுகூட அவர் தரும் பட்டியலில் உண்டு. அத்துடன் அவர் மற்றொன்றையும் கண்டார். எந்த ஓசைக்கு அக்குழந்தை நடுங்குகின்றதோ, அதற்கு இணையான ஓசையைத் தானே மகிழ்ச்சியோடு எழுப்பவும் செய்கின்றது!

ஆக, மாமியார் கேட்ட கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்விதான். தட்டைத் தட்டும்போது ஓசை எப்பொழுது தொடங்கும், எவ்வளவு உரக்க எழும், எப்பொழுது ஓயும் என்பதெல்லாம் பிள்ளையின் கையில் இருக்கின்றது. மிக்ஸியோ முன்னறிவிப்பின்றிப் பாய்கின்றது. திடீரென முதுகில் அறை வாங்குவதும், தானே தன் முதுகைத் தட்டிக்கொள்வதும் ஒன்றாகுமா?

அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, ஓசை, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுமீறியோ அளவு குன்றியோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. இப்பிள்ளைகளின் செவி நம் செவியைவிடக் கூர்மையானது என்பதன்று இதன் பொருள். காதில் விழும் நூறு ஓசைகளில் தேவையற்றவற்றை ஒதுக்கித் தள்ளும் வேலையை நம் மூளை நாம் அறியாமலே செய்துகொண்டிருக்கின்றது. மின்விசிறியின் ஓசை சிறிது நேரத்தில் நமக்குக் கேளாமலே போய்விடும். இப்பிள்ளைகளுள் பலருக்கு அது ஓய்வதே இல்லை.

ஆயினும், அறை ஒழிக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டி, செவித்திறன் ஆய்வும் செய்துவிடுங்கள். நடுக்காதில் சீழோ நீரோ கோத்திருந்தால் பேசத் தெரியாத பிள்ளை அதை எவ்வாறு சொல்லும்? தலையை மோதிக்கொள்வதற்குக் காது வலியும் பல்வலியும் காரணமாகலாம். மோதல் அடிக்கடி நிகழுமாயின், ஓசையே காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடாமல் மருத்துவரிடம் கூறுவதே முறை.

எந்த அறை?

ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். பிள்ளை எந்த நேரத்தில், எந்த ஓசைக்கு, எங்கே இருந்தபோது கலங்கினான் என்பதை மட்டும் எழுதினால் போதும். நாம் பெரிதென எண்ணும் ஓசை ஒன்றாகவும், அவனை வாட்டும் ஓசை வேறொன்றாகவும் இருப்பதை அக்குறிப்பு காட்டிவிடும்.

பிறகு, அறையைத் தேர்ந்தெடுக்க நண்பகலிலன்றி நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அங்கே சென்று அமர்ந்து கேளுங்கள். தெருவுக்கும் சமையற்கட்டுக்கும் எவ்வளவு தொலைவோ அவ்வளவு நல்லது. மோட்டாரோ, குளியலறைக் குழாயோ பொருத்தப்பட்ட சுவர், அறைக்குப் பொதுச் சுவராக இருத்தலாகாது. அதிர்வு சுவர் வழியே ஊர்ந்து கட்டிலுக்கு வரும். மடல் எழுதிய சகோதரியின் வீட்டில் கொல்லைப்புறத்தில்தான் மோட்டாரும் இருக்கின்றது! சாமான் அறையைத் தேர்வதாயின், மோட்டாரை வேறிடத்துக்கு மாற்றவோ, அடியில் கனத்த ரப்பர் மெத்தை வைத்து, இரவில் ஓடாதபடி நேரத்தை மாற்றவோ வேண்டும். முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில், கனத்த சுண்ணாம்புச் சுவர் சூழ்ந்த உள்ளறைகள் சில ஊர்களில் இன்றும் உண்டு. நம் முன்னோர் வெயிலுக்காகக் கட்டிய அச்சுவர்கள் ஓசையையும் நன்கு தடுக்கின்றன. வாய்ப்பிருப்போர் அவ்வறையையே எடுத்துக்கொள்ளலாம். சிறிய அறையாயிற்றே என்ற கவலை வேண்டாம். இப்பிள்ளைகளுள் பலர் சிறிய இடத்தையே விரும்புகின்றனர்.

உறங்கும் அறைக்குள் இடையறாது நிலவும் ஓசை 30 டெசிபலைத் தாண்டலாகாது, இடையிடையே எழும் தனி ஓசை 45-ஐத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வகுத்த அளவு. பத்து டெசிபல் கூடினால் நம் செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றும். நம் ஊர் வீடுகளில் 30-ஐ எட்டுவது எளிதன்று. எட்ட இயலாவிடினும், பத்துக் குறைத்தாலே பிள்ளைக்குப் பாதிச் சுமை குறைந்ததாகும்.

தடுப்பதும் உறிஞ்சுவதும்

இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை வீணடிப்போர் ஏராளம். வெளியோசை உள்ளே வராமல் தடுப்பதற்குக் கனமும் இடுக்கின்மையும் வேண்டும். உள்ளே எழும் ஓசை சுவருக்குச் சுவர் எதிரொலிக்காமல் உறிஞ்சுவதற்கு மென்மையான துணியும் பஞ்சும் வேண்டும். சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டிவைத்தால் ஓசை நின்றுவிடும் என்று எவரோ சொல்லக் கேட்டு அவ்வாறே செய்துவைத்த வீடுகள் உண்டு. முட்டை அட்டை வெளியோசையைத் தடுக்காது. பூச்சிகளுக்குப் புகலிடமாகும், தீப்பற்றினால் நொடியில் எரியும். தெர்மாகோலும் அப்படியே.

ஓசை தண்ணீரைப் போன்றது. இடுக்கு கண்ட இடத்தில் புகும். தேக்கங் கதவாயினும், அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதன் கனத்தால் பெரும்பயன் இல்லை. இரும்புக்கடைகளில் கிடைக்கும் ரப்பர் பட்டையை வாங்கிக் கதவு நிலையைச் சுற்றி ஒட்டுங்கள். கதவடிக்கு, பழைய கைலியை நீளக் குழாயாகத் தைத்து மணல் நிரப்பி உள்ளிருந்து அணைத்து வையுங்கள். வெளியே வர விரும்பினால் பிள்ளையே காலால் தள்ளிவிடக்கூடியதாக அது இருக்க வேண்டும். கீல்களுக்கு எண்ணெய் இடுங்கள். கூரையை ஒட்டிய காற்றுத் துளைகள் நம் வீடுகளில் மூடியின்றித் திறந்தே கிடக்கும். தெருப்பக்கத் துளையைக் கண்ணாடியிட்டு மூடிவிட்டு, அமைதியான பக்கத்துத் துளையைக் காற்றுக்காக விட்டுவையுங்கள். காற்றே புகாமல் அடைத்துவிட்டால் நம் நாட்டு வெப்பத்தில் பிள்ளை வெந்துபோகும்.

பொதுச் சுவரை ஒட்டி, துணிகள் நிறைந்த மர அலமாரியை நிறுத்தலாம். சாய்ந்து விழாதபடி சுவரோடு திருகி இறுக்குங்கள். இரும்பு பீரோ வேண்டாம், அது தானே அதிரும். தரை வழவழப்பான ஓடாயின், பிள்ளை இல்லாத நேரத்தில் அறை நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். கணீரென்று திரும்பி வந்தால் அறையில் துணி போதவில்லை என்பது பொருள். கனத்த ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து, கெட்டியான பருத்தித் திரைச்சீலையை இரட்டையாகத் தொங்கவிட்டு, இலவம்பஞ்சு மெத்தையும் போட்டபின் மீண்டும் தட்டிப் பாருங்கள். விலையுயர்ந்த ஒலித்தட்டிகள் எதுவும் இல்லாமலே வேறுபாடு தெரியும். திரைச்சீலைக்கு நீண்ட கயிறு வேண்டா. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்துண்டு.

அறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஓசைகள்தாம் பலருக்குப் புலப்படுவதில்லை. பழைய சோக்கு பொருத்திய குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை அதிர்ந்து ரீங்காரமிடும். அதை அகற்றி, ஒளி மங்கிய மஞ்சள் நிற எல்.இ.டி. விளக்கொன்றைப் பொருத்துங்கள். மின்விசிறி மெதுவாக ஓடும்போது முனகினால், குற்றம் பெரும்பாலும் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருடையது. படிப்படியாக ஏறும் கெப்பாசிட்டர் வகையை மின்பணியாளரிடம் கேட்டு மாற்றினால் முனகல் அடங்கும். டிக்டிக் கடிகாரம், விசிறிக் காற்றில் படபடக்கும் தினசரி நாட்காட்டி, மெத்தைமீது சரசரக்கும் பிளாஸ்டிக் உறை, சொட்டும் குழாய், கிறீச்சிடும் கட்டில், மின்வெட்டின்போது கூவும் இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள், அல்லது செப்பனிடுங்கள். பிள்ளையை உறங்கவைக்கும் தாயின் கையில் கண்ணாடி வளையல்களும் காலில் கொலுசும் அந்த நேரத்திற்கு வேண்டாமே! பல்லியை மட்டும் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

சாமான் அறையில் நாட்பட்ட அந்துருண்டை நாற்றம் இருக்கும். ஓசைக்கு அஞ்சும் பிள்ளைகளுள் பலர் மணத்துக்கும் கலங்குவர். நன்கு வெள்ளையடித்து, சாய வாடை முற்றிலும் நீங்கிய பின்னரே குடியேற்றுங்கள். அத்தரும் சாம்பிராணியும் அவ்வறைக்கு வெளியே இருக்கட்டும்.

கடையில் விற்பவை

காதை மூடும் கருவிகள் திருமண வீட்டிலும் பேருந்திலும் பேருதவி செய்யும். ஆனால் வீட்டில் நாள் முழுதும் அணிவித்தால், காது அமைதிக்கே பழகி, சிற்றோசையும் பேரோசையாகிவிடக்கூடும் என்று செவியியலாளர்கள் எச்சரிக்கின்றனர். மழையோசை, அருவியோசை எழுப்பும் கருவிகளும் விற்கின்றனர். சில பிள்ளைகளுக்கு அவை உதவும். சிலருக்கு அதுவே தொல்லையாகும். வைப்பதாயின் தலைமாட்டில் வைக்காமல், அறையின் மறுகோடியில் மிகத் தாழ்ந்த அளவில் வையுங்கள்.

கனமேற்றிய போர்வைகளைப் பற்றி விளம்பரங்கள் வானளாவப் புகழ்கின்றன. பிரிட்டனில் ஆட்டிசப் பிள்ளைகளிடம் நடத்தி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அப்போர்வையால் உறக்க நேரம் கூடவில்லை என்றே தெரிந்தது. எனினும் பிள்ளைகளும் பெற்றோரும் அதை விரும்பினர். மே மாத வெக்கையில் அது தேவைதானா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சிறு குழந்தைக்கும், தானாகப் போர்வையை விலக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது கூடவே கூடாது. உறக்க மாத்திரை, மெலடோனின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

அறை அமைந்த பின்னரும் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் படுக்கைக்குச் செல்லும் வழக்கம் வேண்டும். முகங்கழுவுதல், உடைமாற்றுதல், விளக்கைக் குறைத்தல், தாயின் தாழ்ந்த குரலில் துஆ, அவ்வளவே. நிறைய வீடுகளில் அந்த நேரத்தில்தான் வாப்பாவிடமிருந்து தொலைபேசியில் முகங்காட்டும் அழைப்பு வருகின்றது! ஒலிபெருக்கியில் அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவர். வாப்பாவின் குரல் பிள்ளைக்கு இன்றியமையாததே. அதை மாலைக்கு மாற்றிக்கொள்ளும்படி அவரிடம் கூறுங்கள். காரணம் தெரிந்தால் மறுக்கமாட்டார்.

மற்றொன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அவ்வறைக்கு வெளித்தாழ்ப்பாள் இருத்தலாகாது. தண்டனையாகப் பிள்ளையை அங்கே அனுப்பலாகாது. விருந்தினர் வரும்போது பிள்ளையைக் கண்மறைவாக வைக்கும் இடமாகவும் அதை ஆக்கிவிடாதீர்கள். அவனாகப் புகவும் அவனாக வெளியேறவும் முடிந்தால்தான் அது அவனுடைய அறை.

பாங்கும் சஹர் நேரமும்

இனி, மடலின் ஓரத்தில் எழுதியிருந்ததற்கு வருவோம். பிள்ளை பொத்திக்கொள்வது பாங்கின் பொருளுக்கு அன்று. கூம்புக் குழாயின் ஓசைக்கு. மனிதச் செவி எந்த அலைவரிசையில் மிகக் கூர்மையாகக் கேட்கின்றதோ, அதில்தான் அக்குழாயும் உரக்க ஒலிக்கின்றது. அதே பிள்ளையின் அருகில் பாட்டனார் மெல்லிய குரலில் பாங்கு சொல்லிப் பார்க்கட்டும். அவன் காதைப் பொத்துகின்றானா என்று ஊரார் வந்து பார்க்கட்டும்! தொழுகையை நீட்டி ஓத எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாய் படும் வேதனையைக் கருதித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்த உம்மத்தைச் சேர்ந்தவர்கள் காதைப் பொத்தும் ஒரு பிள்ளையைக் குறித்து ஒரு மாதிரியாகப் பேசுவது அழகன்று.

பாங்கிற்கு ஒரு நற்கூறு உண்டு. அதன் நேரம் முன்கூட்டியே தெரியும். எதிர்பாராத ஓசையைவிட எதிர்பார்த்த ஓசை பிள்ளைக்கு எளிது. பள்ளிவாசல் படம் ஒன்றை வரைந்து அட்டையில் ஒட்டி, ஐந்து நிமிடங்களுக்கு முன் அதைக் காட்டி, காதில் கையை வைத்துக் காட்டிப் பழக்குங்கள். மிக்ஸிக்கும் குக்கருக்கும் இவ்வாறே தனித்தனி அட்டை செய்யலாம். பகலில், பிள்ளை மகிழ்ச்சியாக விளையாடும் வேளையில், அந்த ஓசையின் பதிவை மிகமிகத் தாழ்வாக ஒலிக்கச் செய்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையும் உண்டு. அதைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் துணையோடு மட்டும் செய்யுங்கள். அவசரப்பட்டால் அச்சம் மிகுந்துவிடும்.

குழாய் நேராக உங்கள் சாளரத்தை நோக்கியிருந்தால், வீட்டுப் பெரியவர் ஒருவர் ஜமாஅத் நிர்வாகிகளைக் கண்டு, சற்றுத் திருப்பி வைக்க இயலுமா என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு? நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு எழுப்பும் கொட்டும் அறிவிப்பும் உங்கள் தெருவில் இருந்தால், அந்த இளைஞர்களிடம் வாசலை மௌனமாகக் கடக்கும்படி கூறுங்கள். பதினொருவர் வாழும் வீட்டில் எழுப்பிவிட ஆளா இல்லை? திருமண மண்டப ஒலிபெருக்கிகளைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்கு அவை குறித்துள்ள இரவு அளவு 45 டெசிபல்.

மாமியாரிடம் இத்தனையையும் விளக்க வேண்டியதில்லை. ஓரிரவு மட்டும் பேரனருகில் படுத்துக்கொள்ளும்படி அவரை அழையுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடும் வேளையில் அவன் படும் பாட்டை அந்த வாப்பும்மா தம் கண்ணால் பார்த்துவிட்டால், சாமான்களை வேறிடத்துக்கு மாற்ற முதலில் அவரே எழுந்துவிடக்கூடும். மூத்த பெண் பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். தம்பிக்குத் தனியறை கிடைக்கும்போது, அவளுடைய புத்தகங்களுக்காவது ஒரு மாடம் ஒழித்துத் தாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை மிரண்டுபோவான். முதல் வாரம் விளக்கும் கதவிடுக்கும். அடுத்த வாரம் தரைவிரிப்பும் திரையும். அவனுடைய பழைய தலையணையும் போர்வையும் சலவை செய்யப்படாமல் அப்படியே புதிய அறைக்குச் செல்லட்டும். முதலில் பகலில் அரைமணி நேரம் தாயோடு அங்கே விளையாடிப் பழகட்டும். இரவு உறக்கம் அதற்குப் பின்.

செலவைப் பற்றியும் சகோதரி கேட்டிருந்தார். மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே ஆகக்கூடியவை. சிகிச்சைச் செலவுக்கு வழியுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு, நடுவண் அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெற வாய்ப்பிருக்கின்றது. தொடர் சிகிச்சைப் பயிற்சிகளும் அதில் அடங்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகின்றது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர், தத்தம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம். செல்லும்போது பிள்ளையின் மருத்துவ அறிக்கை, ஆதார் அட்டை, ஒளிப்படங்கள் ஆகியவற்றுடன், நீங்கள் ஒரு வாரம் எழுதிய ஓசைக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சையாளர் கேட்கும் முதற்கேள்விகள் பலவற்றுக்கு அதிலேயே விடை இருக்கும்.